ஏழு முறை அறுந்த கேபிள்

அத்தியாயம் 9

கறம்பக்குடிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போதே என் போனில் டவர் செத்துப் போனது. அதற்கப்புறம் வழி கேட்கத் தைல மரங்கள்தான் இருந்தன. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நின்ற அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

“மேடம், இந்தக் காட்டுல நாம தொலைஞ்சா, நம்மளக் கண்டுபிடிக்க வேற டிடெக்டிவ்தான் வைக்கணும்” என்றேன்.

“வைக்க ஆள் வேணும்ல நிலவு? நம்மளக் காணோம்னு யாரு தேடப் போறா?” என்றார் பைக்கின் பின்சீட்டிலிருந்து அன்புமொழி.

நான் சிரிப்புக்காகச் சொன்னேன். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அவர் முதலாளி, வயது நாற்பத்தாறு, முன்னாள் இன்சூரன்ஸ் சர்வேயர். நான் நிலவழகன், உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவன். எங்கள் இரண்டு பேருக்குமே வீட்டில் சோறு போட்டு வைத்துக் காத்திருக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸைத் திறப்பது அதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். மேடத்திடம் கேட்டதில்லை.

இன்று திங்கட்கிழமை. காலையில் நாங்கள் பூட்டைத் திறக்கப் போனபோது, மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள் சுடர்விழி. ஏழு மாத வயிறு. ஒரு தனியார் இன்டர்நெட் கம்பெனியில் லைன் டெக்னீஷியன் வேலை. கறம்பக்குடிக்கு வெளியே பெலிக்ஸ் என்பவர் வீட்டுக்குப் போகும், அவள் பார்த்துக்கொள்ளும் கேபிள், ஏழு வாரமாக வாராவாரம் அறுந்துகொண்டே இருக்கிறதாம்.

“ஒரே வீட்டுல ஏழு புகார் வந்தா என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க மேடம். ஏழாவது நேத்து வந்துருச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு மேனேஜர் முடிவு பண்றாரு. வேலை போச்சுன்னா பிரசவ லீவும் போச்சு. வேலை தெரியாதவன்னு எழுதிட்டா வேற கம்பெனியும் எடுக்காது. நான் போட்ட லைன் வேற ஒண்ணுகூட அறுந்ததில்ல மேடம். யாரோ வேணும்னே வெட்டுறாங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க.”

மேடம் மணியைப் பார்த்தார். எட்டேகால். “வண்டிய எடு நிலவு” என்றார்.

தைல மரங்களுக்கு நடுவே ஒரு இரண்டு மாடி வீடு திடீரென்று வந்தது. பெயின்ட் மங்காத வீடு. மேல் மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசல் கேட்டை ஒட்டி ஒரு மோட்டார் ரூம். சுடர்விழி தன் ஸ்கூட்டியில் எங்களுக்கு முன்பே வந்து அங்கே நின்றாள்.

“ரோட்டுலேர்ந்து இங்க வரைக்கும் பைபர். கண்ணாடி இழை” என்று மோட்டார் ரூம் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள். “அது இந்தப் பெட்டிக்குள்ள வந்து முடிஞ்சிரும். இங்கேர்ந்து வீட்டுக்கு அறுபத்தெட்டு மீட்டர். நூறு மீட்டர் வரைக்கும் செப்புக் கம்பி தாங்கும், அதனால அந்தக் கேபிள்தான். இதுதான் அறுகுது.”

“எந்தக் கேபிள்?” என்றார் மேடம்.

“மொத வாரம் சாம்பல் கலர் இருந்துச்சு. அது எனக்கு முன்னாடி வந்தவங்க போட்டது. வீட்டுக்குள்ள போடுற கேபிள் அது, வெயில்ல கெடந்தா தோல் வெடிச்சிரும். நான் கறுப்பு போட்டேன். வெளியில போடுறதுக்குன்னே உள்ளது. அதையும் வெட்டிட்டாங்க. மூணாவது வாரம் இதைக் கொண்டாந்தேன்.”

ஸ்கூட்டியின் முன்னால் ஒரு சுருள் கேபிள் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். கனத்தது.

“உள்ள இரும்புத் தகடு சுத்தியிருக்கும். பெருச்சாளி கடிச்சா பெருச்சாளிக்குத்தான் பல்லு போகும். கம்பெனியே சும்மா குடுக்குது. வீட்டுக்காரங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“அப்புறம் ஏன் வண்டியிலயே கெடக்கு?”

“ஐயா வேண்டாம்னுட்டாரு. நாலு தடவை கேட்டுட்டேன். பழசே போதும் ஆத்தா, இதுக்கு எதுக்கு இம்புட்டு செலவுங்கறாரு. செலவே இல்லைங்கய்யான்னு சொன்னாலும் கேக்கல.”

மேடம் இடது புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கினார். அந்தப் புருவம் தூங்கும்போதுகூட வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

“வெட்டின துண்டெல்லாம் இருக்கா?”

சுடர்விழி டூல் பையைத் திறந்தாள். ரிப்பேருக்குச் சாட்சியாகப் போட்டோ அனுப்ப வேண்டும் என்பதால் ஒவ்வொரு வாரத் துண்டையும் தேதி எழுதி வைத்திருந்தாள். ஆறு துண்டுகள். ஏழாவது இன்னும் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் அவற்றை மோட்டார் மேடையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு வெட்டும் நேராக, சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு முனையிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

“எலிதான் மேடம்” என்றேன். “ஐ.டி.ஐ. முடிச்ச எலி.”

“இந்த டேப் யாரு சுத்தினது?”

“நான் வரும்போதே இப்பிடித்தான் இருக்கும் மேடம். மழைத்தண்ணி எறங்கிடக் கூடாதுன்னு ஐயா சுத்தி வச்சிருப்பாருன்னு நினைச்சேன்.”

மேடம் ஒரு துண்டை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். டேப்பின் கடைசி நுனி ஒரு நகத்தளவு மடித்து விடப்பட்டிருந்தது. அடுத்து உரிக்கிறவர் நகத்தால் சுரண்டாமல், அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தாலே போதும். ஆறு துண்டிலும் அதே மடிப்பு.

“வெட்டினவனுக்கு உரிக்கப்போற ஆள் மேல அக்கறை இருக்கு நிலவு. இன்னொண்ணு. சுடர்விழி, ஒவ்வொரு வாரமும் எந்த எடத்துல வெட்டியிருந்துச்சு?”

அவள் கை காட்டினாள். முதல் இரண்டு வாரமும் தரையை ஒட்டி, கேட் தூணுக்கு அடியில். மூன்றாவது வாரம் முழங்கால் உயரத்தில். அதற்கப்புறம் வாராவாரம் இடுப்பு உயரத்தில், மோட்டார் ரூம் நிழல் விழும் இடத்தில். கடைசி வெட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு சிமென்ட் கல்லை உட்காரத் தோதாகப் போட்டுவைத்திருந்தார்கள்.

“ஒன் வயிறு ஏற ஏற வெட்டும் மேல ஏறியிருக்கு” என்றார் மேடம்.

சுடர்விழி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

அவள் கேபிளை இணைக்கத் தொடங்க, நாங்கள் பக்கத்துத் தோப்புக்குப் போனோம். அங்கே ஆண்டியப்பன் என்ற பெரியவர் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கேபிள் அவர் வேலியோரமாகத்தான் வருகிறது. முதலில் அதற்கு அவர் பெரிய சண்டை போட்டார் என்று சுடர்விழி சொல்லியிருந்தாள்.

“அந்த ஒயரை நீங்கதான் வெட்டுறதா பேச்சு” என்று நேராகவே கேட்டேன்.

“நான் வெட்டுறதா இருந்தா போஸ்ட்டோட சாய்ப்பேன் தம்பி. நூலு மாதிரி கெடக்குறத வெட்டி எனக்கு என்னா ஆகப்போவுது?”

“பெலிக்ஸ் ஐயாவோட பேச்சுவார்த்தை உண்டுங்களா?” என்றார் மேடம்.

“குவைத்துல இருவத்தேழு வருசம் கரண்டு வேலை பாத்த மனுசன். வந்து ஒரு வருசத்துல சம்சாரம் போயிருச்சு. ஒரே மக, அயர்லாந்துல நர்சு. மொதல்ல அங்கிட்டு இங்கிட்டு போவாரு, வருவாரு. இப்ப கேட்டைத் தாண்டுறதே இல்ல. பட்டன் போன் ஒண்ணு வச்சிருந்தாரு. டவர் இல்லாத எடத்துல எதுக்குன்னு காசு போடாம விட்டு, அந்த நம்பரும் செத்துப் போச்சு. அந்த வீட்டுல ஆள் இருக்குறதே என் நாய்க்கு மறந்து போச்சும்மா. கொலைக்கிறதையே விட்டுருச்சு.”

திரும்பி நடக்கும்போது என் கணக்கை மேடத்திடம் ஒப்பித்தேன். “வெட்டுறது அந்த வீட்டுக்காரரேதான். ஆளில்லாத வீடு. கேபிள் அறுந்தா வாரத்துக்கு ஒருதரம் இந்தப் பொண்ணு வருவா, ரெண்டு வார்த்தை பேசலாம். அறுபடாத கேபிள் போட்டா அதுவும் போயிரும். அதான் வேண்டாங்கறாரு. கேஸ் முடிஞ்சுது, டீ குடிக்கலாம்.”

“பாதி முடிஞ்சிருக்கு. டீ கெடைக்காது, கடை இல்ல” என்றார் மேடம்.

மோட்டார் ரூமில் சுடர்விழி அந்த வெள்ளைப் பெட்டியின் பதிவுகளைத் தன் லேப்டாப்பில் திறந்து வைத்திருந்தாள். எந்த நேரத்தில் லைன் போனது என்று அந்தப் பெட்டியே குறித்து வைத்துக்கொள்ளுமாம். ஏழு வெட்டும் சனிக்கிழமை. எல்லாம் மாலை ஆறு மணியை ஒட்டி.

“ஞாயித்துக்கிழமை ஒனக்கு லீவு. இல்லையா?” என்றார் மேடம்.

“ஆமா மேடம். இந்த ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை என்ன அறுந்தாலும் திங்கட்கிழமைதான் வருவோம்.”

“பாத்தியா நிலவு? பேச ஆள் வேணும்கிறவரு, அடுத்த நாளே ஆள் வர்ற மாதிரி வெட்டுவாரு. இவரு யாருமே வராத நாளாப் பாத்து வெட்டுறாரு. இவருக்கு வேண்டியது நம்ம சுடர்விழி இல்ல. ஞாயித்துக்கிழமை முழுக்க நெட் இருக்கக் கூடாது. அதுதான் வேணும்.”

பெலிக்ஸ் கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும். சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. சுடர்விழியோடு வந்த எங்களையும் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொண்டு வரப் போனார். ஹாலில் பெரிய சாப்பாட்டு மேஜை. அதைச் சுற்றி ஆறு நாற்காலி. அதில் ஐந்தில் தூசி. ஆறாவது நாற்காலி மேஜையை விட்டு விலகி, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் கிடந்தது. கம்ப்யூட்டரின் கரண்டு ஒயர் நடுவில் டேப் சுற்றியிருந்தது. மேடம் குனிந்து பார்த்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். நுனி மடித்திருந்தது.

“வாராவாரம் இப்பிடி அறுகுதே, ஒங்களுக்குச் சிரமமா இல்லீங்களா?” என்று, அவர் சொம்போடு வந்ததும் ஆரம்பித்தார் மேடம்.

“எலிதாம்மா. காட்டுக்குள்ள வீடு கட்டினா எலி வரத்தானே செய்யும்.”

“அறுந்ததை நீங்க எப்பப் பாப்பீங்க?”

“நான் கேட்டுப் பக்கமே போறதில்லையே. இந்தப் புள்ள வந்து காட்டுனாத்தான் தெரியும்.”

“அப்ப டேப் சுத்தினது யாருங்கய்யா?”

அவர் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

“இருவத்தேழு வருசம் கரண்டு வேலை பாத்த கை” என்றார் மேடம் மெதுவாக. “வெட்டின முனையை மூடாம விட்டுட்டு வர அந்தக் கைக்குத் தெரியாது. திருடப் போனாலும் அது மூடிட்டுத்தான் வரும்.”

பெலிக்ஸ் அந்த ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிங் பிளேயரைத் தானே எடுத்து வந்து வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்.

“எம்மக ஷர்லி போன வருசம் வந்தப்ப இந்தத் திரையில ஒரு படம் வச்சிட்டுப் போனா. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அதை அமுக்கணும். அவளும் அங்கேருந்து அமுக்குவா. ரெண்டு பேர் மூஞ்சியும் தெரியும். எனக்கு இதுல வேற ஒண்ணும் தெரியாது. வாரம் பூரா நான் அதுக்குத்தான் இருப்பேன். சட்டையெல்லாம் தேச்சு வச்சிருவேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அவ வரல. அடுத்த வாரமும் வரல. அதுக்கு அடுத்த வாரம் பத்து மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். திரையில என் மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது.”

பெலிக்ஸே தொடர்ந்தார்.

“நாலாவது வாரம் சனிக்கிழமை போயி வெட்டிட்டேன். நெட் இல்லன்னா அவ வரலன்னு ஆகாதுல்ல? வந்திருப்பா, நெட்டுதான் இல்லன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கிரலாம். இந்தப் புள்ள குனிய முடியாமக் குனிஞ்சு கேபிளைத் தேடுனதப் பாத்தேன். மனசு கேக்கல. அதுலேருந்து மேலயே வெட்டுனேன்.”

சுடர்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கூடவே கோபமும் இருந்தது. இருக்கத்தானே செய்யும். “மேல வெட்டுனீங்க சரிங்கய்யா. அப்புறம் எதுக்கு எம்மேல புகார் குடுத்தீங்க? ஒவ்வொரு வாரமும் வெட்டிட்டு, ஒவ்வொரு வாரமும் புகார். இன்னைக்கு நாலு மணிக்கு எனக்கு வேலை போகப்போகுது. எம்புள்ளைக்கு நான் என்ன பண்ணுவேன்?”

பெலிக்ஸ் நிமிர்ந்தார். “புகாரா? நான் எப்ப ஆத்தா புகார் குடுத்தேன்? லைன் போனா ஒங்க மிஷின்லயே தெரியும், நீங்களே வந்துருவீங்கன்னுல்ல நினைச்சேன்?”

“பொய் சொல்லாதீங்கய்யா. ஏழு புகார் இருக்கு. எல்லாம் ஒங்க பேருல.”

“சுடர்விழி, இரு” என்றார் மேடம். எழுந்தே விட்டார். “போன் இல்ல. டவர் இல்ல. நெட்டும் இல்ல. இந்த மனுசன் எப்பிடிப் புகார் குடுத்திருக்க முடியும்? அந்தப் புகாரெல்லாம் எப்பப் பதிவாச்சு?”

லைன் சரியாகி விட்டதால் வீட்டு வைஃபையில் சுடர்விழியின் போன் உயிர் பெற்றிருந்தது. வேகமாகத் தேடினாள். “எல்லாம் ஞாயித்துக்கிழமை. ஏழேகால். ஏழு இருவது. ஏழேகால். நேத்து ஏழு பதினெட்டு. எந்த நம்பர்லேருந்து குடுத்தாங்கன்னு எனக்குக் காட்டாது. ஆபீஸ்ல கேக்கணும்.”

“கேளு. ஸ்பீக்கர்ல போடு.”

ஆபீஸில் ஒரு பெண் குரல் கொட்டாவியோடு கம்ப்யூட்டரைத் தட்டியது. “ஏழும் ஆப் வழியாத்தான் வந்திருக்கு சுடரு. வெளிநாட்டு நம்பர். பிளஸ் மூணு அஞ்சு மூணு…”

பெலிக்ஸின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அந்த எண்ணில் மேலும் ஒன்பது இலக்கம் இருந்தது. ஒவ்வொன்றையும் அந்தப் பெண் படிப்பதற்கு முன்னாலேயே அவர் உதடு சொல்லிக்கொண்டிருந்தது.

“ஐயா” என்றார் மேடம். “ஒங்க மக ஏழு மணிக்கு வந்து பாத்திருக்காங்க. கால் மணி நேரம் ஒங்களுக்காகக் காத்திருந்திருக்காங்க. நீங்க வரலன்னதும் லைன் ரிப்பேர்னு புகார் குடுத்திருக்காங்க. நீங்க வெட்டின ஏழு வாரமும் அவங்க வந்திருக்காங்க.”

“ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரிப்பேர் முடிஞ்சுதுன்னு ஒங்க கையெழுத்தோட புகார் குடுத்தவங்களுக்குத் தகவல் போகும்” என்றாள் சுடர்விழி. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “அதைப் பாத்துத்தான் நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சிருப்பாங்க.”

பெலிக்ஸ் பேனா கேட்டார். “கேபிளை ஏழு முறையும் வெட்டியது நான்தான். டெக்னீஷியன் மேல் எந்தத் தவறும் இல்லை” என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த இரும்புத் தகடு கேபிளுக்கான தாளையும் கேட்டு வாங்கி, அதிலும் போட்டார். சுடர்விழி கடிதத்தைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டு, ஏழையும் அவள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாகவும், நாலு மணிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வரும்படியும் சொன்னார். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, தூசியைக்கூடத் துடைக்காமல் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஒன்று. அயர்லாந்தில் காலை எட்டரை என்றார் பெலிக்ஸ். அவருக்கு அந்தக் கணக்கு எப்போதும் மனப்பாடம். சுடர்விழி தன் போனிலேயே அந்த எண்ணைப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கி அவர் கையில் கொடுத்தாள். மூன்று ரிங் போனதும் எடுத்தார்கள்.

“ஹலோ? யாருங்க?”

அவர் வாயைத் திறந்தார். ஒரு முறை இருமினார்.

அந்த இருமல் போதும் போலிருக்கிறது. “அப்பாவா?” என்றது குரல். “அப்பா! நெட் வந்துருச்சாப்பா? அப்ப மூணு வாரம் திடீர்னு டூட்டியை மாத்திட்டாங்கப்பா. சொல்ல வழியே இல்ல, ஒங்க நம்பர் போகவே மாட்டேங்குது. அதுக்கப்புறம் வாராவாரம் வாரேன், லைனே இல்ல. யாருப்பா இப்பிடி அறுக்குறது? பக்கத்துத் தோப்பு ஆண்டியப்பன் மாமாவா?”

மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார், வெளியே போகலாம் என்று. என்னால் நகர முடியவில்லை.

“இல்ல ஆத்தா” என்றார் பெலிக்ஸ். “நான்தான்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் மறுபடியும் போய்விட்டதோ என்று சுடர்விழி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த வைஃபை பெட்டியை எட்டிப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் பச்சையாகத்தான் எரிந்தன. அப்புறம்தான் ஸ்பீக்கரில் ஒரு விசும்பல் கேட்டது. அயர்லாந்தில் ஷர்லி அழுதுகொண்டிருந்தாள்.